டெர்பிஷயரில் ஒரு வாரம்: அப்பாவின் நண்பர் வீடு, சுற்றிலும் பிரபு மாளிகைகள். எத்தனை பார்க்கலாம்?

கரிசல்காரி:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். நாங்கள் இருப்பது லண்டனுக்குப் பக்கத்தில். லண்டனை ஒரு வழியாகச் சுற்றியாகிவிட்டது. பாலம், மணிக்கூண்டு, ராட்டினம், மியூசியம் எல்லாம் முடிந்து, "வேற என்னடி இருக்கு உங்க ஊர்ல" என்று அம்மா கேட்க ஆரம்பித்துவிட்டாள். அப்பாவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நண்பர் ஒருவர் 1970களில் டாக்டராக இங்கே வந்து, இங்கேயே கல்யாணமும் செய்துகொண்டு, இப்போது ஓய்வுபெற்று டெர்பிஷயரில் பேக்வெல் பக்கம் ஒரு சின்ன கிராமத்தில் இருக்கிறார். அவருடைய மனைவி யார்க்ஷயர்க்காரர். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஊருக்கு வந்திருக்கிறார்கள், மங்கலாக ஞாபகம் இருக்கிறது. "ஒரு வாரம் வந்து இருந்துட்டுப் போங்க, இங்க தடுக்கி விழுந்தா அரண்மனைதான்" என்று டாக்டர் மாமா போனில் சொன்னதிலிருந்து அப்பாவுக்குக் கால் தரையில் இல்லை.

என் வீட்டுக்காரர் உடனே எக்செல் திறந்துவிட்டார். 5 நாளில் 7 மாளிகை. சாட்ஸ்வொர்த், ஹாடன், ஹார்ட்விக், கெடில்ஸ்டன், கால்க், இன்னும் 2 பெயர் எனக்கு வாயில் நுழையவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, மாடிப்படி என்றாலே முகம் மாறும். முட்டைகூடச் சாப்பிட மாட்டாள். மகனுக்கு 9 வயது, பழைய நாற்காலிகளைப் பார்க்கச் சொன்னால் 10 நிமிடம் தாங்குவான். அப்பா மட்டும் சரித்திரம் என்றால் சாப்பாட்டை மறந்துவிடுவார்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. 5 பேர் ஒரு வாரம் ஒருவர் வீட்டில் போய் உட்காருவது சரியா? நம் ஊரில் என்றால் ஒரு வாரம் இருந்துவிட்டுக் கிளம்பினால் "அதுக்குள்ளவா" என்று கோபித்துக்கொள்வார்கள். இங்கே எப்படி என்று தெரியவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பீக் வாசி:

14 வருடமாக அந்தப் பக்கம்தான் இருக்கிறேன். முதலில் அந்த எக்செல்லை மூடச் சொல்லுங்கள். 5 நாளில் 7 மாளிகை பார்த்தால் கடைசியில் எந்தக் கட்டில் எந்த வீட்டில் இருந்தது என்று ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. ஒரு நாளைக்கு ஒன்று, நடுவில் ஒரு நாள் எதுவுமே இல்லை. அவ்வளவுதான்.

காரணம் சோம்பேறித்தனம் இல்லை. இந்த வீடுகளின் உள்ளே போகும் நேரமே குறைவு. பல இடங்களில் தோட்டம் காலையிலேயே திறந்துவிடும், வீட்டுக்கதவு 11 மணி வாக்கில்தான் திறக்கும், சாயங்காலம் 4 மணிக்கெல்லாம் உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள். சில வீடுகள் வாரத்தில் எல்லா நாளும் திறப்பதில்லை. நாங்கள் ஒருமுறை விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் ஓட்டிப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு டீ குடித்துத் திரும்பினோம். அதனால் போகிற அன்று காலையில் அந்தந்த வீட்டின் இணையப் பக்கத்தைப் பார்த்துவிட்டே காரை எடுங்கள்.

சாட்ஸ்வொர்த்துக்கு முழு நாள் கொடுங்கள். டெவன்ஷயர் பிரபுக்களின் வீடு, கேவென்டிஷ் குடும்பம். பையனுக்குப் பண்ணை, விளையாட்டு இடம், செடிகளால் ஆன புதிர்ப்பாதை எல்லாம் இருக்கிறது. அந்தப் புதிர்ப்பாதை இருக்கும் இடத்தில் முன்பு பிரமாண்டமான கண்ணாடி வீடு ஒன்று இருந்தது, 1920இல் இடித்துவிட்டார்கள். அதைக் கட்டிய ஜோசப் பாக்ஸ்டன் அங்கே தோட்டக்காரராக வேலைக்குச் சேர்ந்தவர். பின்னாளில் 1851 கண்காட்சிக்காக லண்டனில் கிரிஸ்டல் பேலஸ் கட்டியதும் அவர்தான். ரஷ்யச் சக்கரவர்த்தி வரப்போகிறார் என்று 1844இல் குன்றின் மேல் ஏரி வெட்டி, குழாய் இறக்கி, பம்ப் இல்லாமல் வெறும் தண்ணீரின் கீழ்நோக்கு அழுத்தத்திலேயே பீறிடும் ஒரு நீரூற்றையும் அமைத்தார். சக்கரவர்த்தி வரவேயில்லை. ஊற்றுக்குப் பெயர் மட்டும் எம்பரர் என்று நிலைத்துவிட்டது.

உங்கள் அம்மாவுக்குச் சொல்ல ஒரு விஷயம். நம் ஊரில் மோரிஸ் பழம் என்கிறோமே, அது கேவென்டிஷ் வாழை. மொரீஷியஸிலிருந்து வந்த கன்றை 1830களில் பாக்ஸ்டன் சாட்ஸ்வொர்த் கண்ணாடி வீட்டில் காய்க்க வைத்தார், முதலாளியின் குடும்பப் பெயரையே அதற்கு வைத்தார்கள். மிஷனரிகள் மூலம் அது தெற்குப் பசிபிக் தீவுகளுக்குப் போனது, இன்று சூப்பர்மார்க்கெட்டில் கிடக்கும் வாழைப்பழம் கிட்டத்தட்ட எல்லாம் அந்த ரகம்தான். இங்கே பிரபு பெயர், நம் ஊரில் மொரீஷியஸ் பெயர்.

பணம் பற்றி: சாட்ஸ்வொர்த்தும் ஹாடனும் நேஷனல் டிரஸ்ட் (பழைய வீடுகளைப் பாதுகாத்து மக்களுக்குத் திறந்து வைக்கும் அறக்கட்டளை) கிடையாது, அதன் உறுப்பினர் அட்டையை நீட்டினால் சிரிப்பார்கள். ஹார்ட்விக், கெடில்ஸ்டன், கால்க் மூன்றும் டிரஸ்ட். குடும்பமாக 3 இடம் போனாலே வருடச் சந்தாவுக்குப் பக்கத்தில் வந்துவிடும், கார் நிறுத்தவும் தனியாகப் பணம் கிடையாது. டிக்கெட் வாங்கும்போது கிஃப்ட் எய்ட், அதாவது விலையோடு கொஞ்சம் நன்கொடை, சேர்க்கலாமா என்று கேட்பார்கள். அது இங்கே வருமான வரி கட்டுகிறவர்களுக்கு மட்டும். அப்பா அம்மா டிக்கெட்டுக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள், விலை கொஞ்சம் குறையும்.

அப்புறம் சாட்ஸ்வொர்த் பூங்காவில் ஒரு கிராமம் இருக்கிறது, எழுத்தைப் பார்த்தால் ஈடன்சோர் என்று படிக்கத் தோன்றும், சொல்வது என்சர். அந்தச் சர்ச் மயானத்தில் கென்னடியின் தங்கை காத்லீன் கல்லறை இருக்கிறது. இந்தப் பிரபு குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, போரில் கணவரை இழந்து, 1948 விமான விபத்தில் இறந்தவர். 1963 ஜூனில் ஜனாதிபதியாக இருந்த அண்ணன் இங்கே வந்து பார்த்துவிட்டுப் போனார், அதே வருடம் நவம்பரில் அவரும் போய்விட்டார். அப்பாவைக் கூட்டிப்போங்கள். நுழைவுக் கட்டணம் எதுவும் இல்லை.

சின்னத்தாயி:

மாளிகையை அண்ணன் பார்த்துக்கொண்டார், நான் வீட்டு விஷயம் சொல்கிறேன். என் மாமியார் 3 முறை இப்படி நண்பர் வீடுகளில் தங்கியிருக்கிறார், எல்லாக் கூத்தும் பார்த்தாயிற்று.

ஒரு வாரம் தாராளமாக இருக்கலாம், அவர்களே வாய்விட்டு ஒரு வாரம் என்று சொல்லியிருக்கிறார்களே. இங்கே சும்மா மரியாதைக்குக் கூப்பிடுகிறவர்கள் "எப்பயாவது வாங்க" என்பார்கள், நாள் கணக்குச் சொல்ல மாட்டார்கள். ஆனால் வருகிற நாள், கிளம்புகிற நாள், எத்தனை மணிக்கு என்பது வரை முன்னாடியே எழுதி அனுப்பிவிடுங்கள். அந்த ஆன்ட்டி நிம்மதியாகத் திட்டமிடுவார்.

நான் பட்ட பெரிய பாடு வெந்நீர். பழைய கிராமத்து வீடுகளில் தொட்டியில் சூடாகி நிற்கும் தண்ணீர்தான், தீர்ந்தால் மறுபடி சூடாக நேரம் ஆகும். 5 பேர் காலையில் வரிசையாகத் தலைக்குக் குளித்தால் கடைசி ஆள் நடுங்கிக்கொண்டு வருவார், அந்தக் கடைசி ஆள் பெரும்பாலும் வீட்டுக்காரராக இருப்பார். பாதிப் பேர் ராத்திரி குளித்துவிடுங்கள். சில வீடுகளில் குளியலறையிலேயே கார்ப்பெட் போட்டிருப்பார்கள், அம்மாவிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள், மக் ஒன்றைப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், பின்னால் எனக்கு நன்றி சொல்வீர்கள்.

சமையல். "நான் ஒரு நாள் சமைக்கட்டுமா" என்று கேட்டுவிட்டுத்தான் அடுப்படியில் கால் வைக்கணும். கேட்டால் சந்தோஷப்படுவார்கள். கேட்காமல் அம்மா போய் அலமாரியைத் திறந்து டப்பாக்களை இடம் மாற்றினால் கதை வேறு. தாளிக்கும்போது கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து வையுங்கள். புகை அலாரம் இருக்கும், காய்ந்த மிளகாய்க்கும் தீ விபத்துக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

முட்டை விஷயத்தில் கவனம். இங்கே வெஜிடேரியன் என்றால் முட்டை உண்டு. பேக்வெல் புட்டிங் என்று அந்த ஊர்ப் பெயரில் இருப்பது முழுக்க முட்டைதான், அம்மாவுக்கு ஆகாது, மற்றவர்கள் சாப்பிடுங்கள், டார்ட் என்று விற்பது வேறு, புட்டிங்தான் அந்த ஊர்க்காரர்கள் பெருமைப்படுவது. ஸ்கோனில் கூடச் சில இடங்களில் முட்டை போடுவார்கள், கேட்டுவிட்டு வாங்கணும்.

கடைசி நாள் படுக்கை விரிப்புகளை உருவி, மடித்து, எங்கே போடணும் என்று கேளுங்கள். ஒரு மதியச் சாப்பாடு நீங்கள் வெளியே வாங்கிக் கொடுங்கள். தினமும் 10 மணிக்குக் கிளம்பி சாயங்காலம் திரும்பினால் அவர்களுக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும். மாளிகை பார்ப்பதால் வரும் பெரிய லாபம் அதுதான், என்னைக் கேட்டால்.

தூசுப் பிரியன்:

எல்லோரும் சாட்ஸ்வொர்த் சாட்ஸ்வொர்த் என்கிறீர்கள். அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். தங்க முலாம் பூசிய ஜன்னல் சட்டத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் கூசிவிட்டது.

கால்க் போங்கள். 1985இல் டிரஸ்ட் கைக்கு வந்தபோது எந்த நிலைமையில் இருந்ததோ அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மேற்கொண்டு உதிராமல் பார்த்துக்கொள்வார்கள், புதுப்பிக்க மாட்டார்கள். சுவர்த்தாள் உரிந்து தொங்கும், பெயின்ட் செதிள் செதிளாக நிற்கும், ஒரு அறை முழுக்கக் கண்ணாடிப் பெட்டிக்குள் பாடம் பண்ணிய பறவைகள். ஹார்ப்பர் க்ரூ என்ற குடும்பம், தலைமுறை தலைமுறையாக மனிதர்களோடு அதிகம் பேசாதவர்கள், எதையும் தூக்கிப்போடாதவர்கள். ஒரு அறை நிறைந்தால் கதவைச் சாத்திவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். மின்சாரமே 1962இல்தான் வந்தது. டிரஸ்ட் ஆட்கள் பெட்டிகளைத் திறந்து பார்த்தபோது சீனப் பட்டில் எம்பிராய்டரி செய்த ஒரு கட்டில் திரைச்சீலை கிடைத்தது, 18ஆம் நூற்றாண்டில் வந்தது, மாட்டாமலே கிடந்திருக்கிறது. வெயிலே படாததால் நிறம் நேற்றுச் சாயம் போட்டதுபோல இருக்கிறது. காரைக்குடிப் பக்கம் பூட்டிக்கிடக்கும் வீட்டில் பெட்டகச் சாவி கிடைத்தால் எப்படி இருக்கும், அதுமாதிரி.

அந்தத் திரைச்சீலையைப் பார்த்தால் மற்ற வீடுகளில் ஏன் அரையிருட்டாக வைத்திருக்கிறார்கள் என்பதும் புரியும். உள்ளே போனதும் எல்லோரும் கேட்பது "லைட் போட மாட்டாங்களா". வெளிச்சம்தான் துணிக்கு எமன். ஹார்ட்விக்கில் திரையை இறக்கிவிட்டு வைத்திருப்பது பெரிய வேடிக்கை, ஏனென்றால் அந்த வீட்டின் பெருமையே ஜன்னல்தான். 1590களில் கட்டியது, கண்ணாடி அநியாய விலை விற்ற காலம், "சுவரைவிடக் கண்ணாடி அதிகம்" என்று பழமொழியே உண்டு. கட்டியவர் பெஸ் என்ற பெண்மணி, 4 கல்யாணம், ஒவ்வொரு கல்யாணத்திலும் சொத்து ஏறிக்கொண்டே போனது, கடைசியில் கோபுரங்களின் உச்சியில் தன் பெயரின் முதல் எழுத்துகளைக் கல்லில் வெட்டி நிறுத்திவிட்டார். இரண்டாவது கணவர் கேவென்டிஷ், சாட்ஸ்வொர்த் குடும்பமே அந்த வழி வந்ததுதான். ஆனால் முக்கியமான அறைகள் மேல் மாடியில், கல் படிகள் ஏறணும். அம்மாவுக்குக் கஷ்டம்.

ஒரு சின்ன விஷயம். நாற்காலியின் மேல் காய்ந்த முள்பூவோ பைன் மரத்துக் காயோ வைத்திருப்பார்கள். அலங்காரம் இல்லை, உட்காராதே என்று அர்த்தம். உட்காரலாம் என்ற நாற்காலிகளும் அங்கங்கே இருக்கும், அறையில் நிற்கும் தன்னார்வலரைக் கேட்டால் காட்டுவார். அவர்கள் எல்லாம் ஓய்வுபெற்ற தாத்தா பாட்டிகள்தான், நாமாகக் கேட்காவிட்டால் பேச மாட்டார்கள், கேட்டுவிட்டால் நிறுத்த மாட்டார்கள். அப்பாவுக்குக் கொண்டாட்டமாக இருக்கும்.

பழைய பஞ்சாங்கம்:

கட்டில், திரைச்சீலை, கண்ணாடி எல்லாம் சரி. யார் வீட்டுப் பணம் என்று ஒருவரும் கேட்கவில்லையே.

கெடில்ஸ்டன் கர்சன் குடும்பத்து வீடு. வங்காளத்தை 1905இல் இரண்டாக வெட்டிய அதே கர்சன். கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலுக்காக 1803இல் கட்டி முடித்த மாளிகை இந்தக் கெடில்ஸ்டனின் அமைப்பைப் பார்த்துப் போட்டதுதான், 1899இல் வைஸ்ராயாகப் போன கர்சன் தன் வீட்டின் நகலிலேயே போய்க் குடியேறினார். கீழே ஒரு அறையில் அவர் கிழக்கிலிருந்து கொண்டுவந்த யானைத் தந்தமும் வெள்ளியும். அவர் மனைவி 1903 டெல்லி தர்பாரின்போது நடன விருந்துக்குப் போட்டுக்கொண்ட மயில் கவுன் அந்த வீட்டில்தான் இருக்கிறது. ஜரிகை வேலை டெல்லிக் கைவினைஞர்கள் செய்தது, தைத்தது பாரிஸில். ஒவ்வொரு மயில் கண்ணின் நடுவிலும் பச்சையாக மின்னுவது கல் இல்லை, பொன்வண்டு இறக்கை. சின்ன வயதில் தீப்பெட்டிக்குள் வைத்து வளர்த்தோமே, அந்தக் குடும்பத்து வண்டு.

நேஷனல் டிரஸ்ட்டே 2020இல் ஓர் அறிக்கை போட்டது: தன் கையில் இருக்கும் 93 இடங்களுக்குக் காலனி ஆட்சியோடும் அடிமை வியாபாரத்தோடும் தொடர்பு உண்டு என்று. அதற்கே இங்கே எவ்வளவு கூச்சல்!

அப்பாவுக்குச் சரித்திரம் என்றால் உயிர் என்கிறீர்கள், ஊர் கரிசல் பக்கம் என்று பெயரிலேயே தெரிகிறது. அப்படியானால் பாவிஸ் கோட்டைக்குக் கூட்டிப்போங்கள். வேல்ஸில், வெல்ஷ்பூல் பக்கம். ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ் வாழ்க்கைப்பட்ட வீடு, நம் ஊர் வழக்கில் சொன்னால் வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி, மனைவியின் பிறந்தகம். இந்த எட்வர்ட்தான் 1798 முதல் 1803 வரை மெட்ராஸ் கவர்னர். 1799 மே மாதம் திப்பு விழுந்ததும், அதே வருடம் அக்டோபர் 16 கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டதும், 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கில் போட்டதும் இவர் மெட்ராஸில் உட்கார்ந்திருந்த காலத்தில். திப்புவின் சிம்மாசனத்தை அலங்கரித்த தங்கப் புலித்தலைகளில் ஒன்று பாவிஸில் கண்ணாடிக்குள் இருக்கிறது.

பீக் வாசி:

ஐயா சொல்வதை மறுக்கவில்லை. கர்சன் கணக்கில் இன்னொரு பக்கமும் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், 1904இல் இந்தியாவில் பழைய சின்னங்களைப் பாதுகாக்கும் சட்டம் கொண்டுவந்தவரும் அவர்தான், இங்கே டாட்டர்ஷால் கோட்டையை விலைக்கு வாங்கி இடிபடாமல் காப்பாற்றியதும் அவர்தான். நல்லவர் என்று சொல்ல வரவில்லை.

பணத்தைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன், இந்த வீடுகள் நாம் டிக்கெட் வாங்கிப் பார்க்கும்படி ஆனதே வரியால்தான். டெவன்ஷயரின் 10ஆம் பிரபு தன் சொத்தை மகன் பெயரில் மாற்றி எழுதினார், அதன்பின் 5 வருடம் உயிரோடு இருந்தால் வாரிசு வரி கிடையாது. சில மாதம் குறைவாக 1950 நவம்பரில் இறந்துபோனார். 80 சதவீத வரி. அதை அடைக்கத்தான் ஹார்ட்விக்கையே அரசிடம் கொடுத்தார்கள், அங்கிருந்து டிரஸ்ட்டுக்குப் போனது. கட்ட முடியாத மற்றவர்கள் கூரையைப் பிரித்து ஈயத்தை விற்று வீட்டையே இடித்தார்கள், அப்படிப் போன மாளிகைகள் நூற்றுக்கணக்கில்.

பாவிஸ் பேக்வெல்லிலிருந்து 2 மணி நேரத்துக்கு மேல் ஆகும். போய்விட்டு அன்றே திரும்பாதீர்கள். ஊருக்குத் திரும்பும் வழியில் அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போங்கள்.

கரிசல்காரி:

எல்லோருக்கும் நன்றி. அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். கயத்தாறு என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். பாவிஸ் முடிவாகிவிட்டது, மற்றதெல்லாம் அதற்கு மேல்தான். எக்செல் மூடப்பட்டது, வீட்டுக்காரருக்கு வருத்தம்.

கரிசல்காரி:

3 வாரம் கழித்து வருகிறேன். போய்விட்டு வந்தவர்கள் திரும்ப வந்து சொல்வதே இல்லை என்று இங்கே யாரோ முன்பு குறைப்பட்டிருந்தீர்கள், அதனால்.

4 மாளிகைதான் பார்த்தோம்: சாட்ஸ்வொர்த், கால்க், கெடில்ஸ்டன், திரும்பும்போது பாவிஸ். ஹார்ட்விக்கை அம்மாவின் முழங்காலுக்காக விட்டோம். மாமா வீட்டுக்கு மிகப் பக்கத்தில் இருந்த ஹாடனுக்குக் கடைசிவரை போகவே இல்லை, தினமும் அந்த வாசலைத் தாண்டித்தான் போனோம், நாளைக்குப் பார்க்கலாம் என்றே போய்விட்டது.

சாட்ஸ்வொர்த்தில் புல்வெளியில் துண்டை விரித்து உட்கார்ந்து, கொண்டுபோன எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டோம். அப்புறம் ஆளுக்கொரு வாழைப்பழம், போன சாயங்காலம் கடையில் வாங்கியது. அப்போதுதான் பீக் வாசி எழுதியதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா பாதி உரித்த பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மோரிஸ்தானே இது? வயித்துக்கு ஆகாதுன்னு நம்ம வீட்ல வாங்கவே மாட்டோமே" என்றாள். பிறகு அந்த மாளிகையைப் பார்த்து, "இவ்ளோ பெரிய வீட்ல இருந்துகிட்டு ஒரு நல்ல மலைப்பழம் வளர்த்திருக்கக் கூடாதா" என்றாள். பையன் புதிர்ப்பாதையில் 40 நிமிடம் காணாமல் போனான், மகிழ்ச்சியாகத் திரும்பினான்.

மூன்றாம் நாள் விடாத மழை. எங்கேயும் போகவில்லை. ஆன்ட்டி தோட்டத்திலிருந்து ஒரு கூடை அவரை பறித்து வந்தார், நம் அவரை இல்லை, தோல் தடிமனாக உள்ளே பஞ்சு மாதிரி இருக்குமே அது. அம்மாவும் அவரும் மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து 2 மணி நேரம் உரித்தார்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் நாலு வார்த்தை, ஆன்ட்டிக்குத் தமிழ் "போதும்", "சாப்பிடு", "ஐயோ" மூன்றும் தெரியும், அதற்குள்ளேயே பேரன் பேத்தி, இடுப்பு வலி, மருமகள் எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். அம்மா கேட்டுக்கொண்டுதான் அடுப்படிக்குப் போனாள், சின்னத்தாயி கவனிக்கவும். ஜன்னலைத் திறக்கத்தான் மறந்துவிட்டேன். கடுகு வெடித்து மிளகாய் போட்டதும் மாடியில் அலாரம் அலறியது, ஆன்ட்டி பதறாமல் டீ டவலை எடுத்து அதற்குக் கீழே நின்று விசிறினார், விசிறிக்கொண்டே "ஐயோ" என்றார். மாமாவும் அப்பாவும் எழுந்தே வரவில்லை. 1960களில் கணக்கு வாத்தியார் யாரை முதலில் அடித்தார் என்பதில் இருவருக்கும் அன்று முழுக்கச் சண்டை.

மக் கொண்டுபோனோம். நன்றி.

பேக்வெல்லில் திங்கட்கிழமைச் சந்தை. காய்கறிக் கடைக்காரர் மிச்சம் கொடுக்கும்போது அம்மாவை "டக்" என்று கூப்பிட்டார். நான் மொழிபெயர்த்ததுதான் தப்பு. "என்னை ஏன் வாத்துங்கிறான்" என்று அங்கேயே நின்றுவிட்டாள். அந்தப் பக்கம் எல்லோரையும் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவார்களாம், மாமாவையும் 30 வருடம் நோயாளிகள் அப்படித்தான் கூப்பிட்டார்களாம். இப்போது வீட்டில் பேரனை அம்மா வாத்து என்றுதான் கூப்பிடுகிறாள்.

கெடில்ஸ்டனில் அந்தக் கவுன். நான் நினைத்ததைவிட மங்கல், வெள்ளி ஜரிகை கறுத்துவிட்டது. பொன்வண்டு இறக்கை மட்டும் அப்படியே. நான் சாய்ந்தால் நீலம், நிமிர்ந்தால் பச்சை. எத்தனை வண்டு என்று பையன் எண்ணத் தொடங்கி நூறுக்கு மேல் விட்டுவிட்டான்.

பாவிஸ் சிவப்புக் கல் கோட்டை, கீழே படிப்படியாகத் தோட்டம். அம்மா மேலேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். புலித்தலை நான் நினைத்ததைவிடச் சின்னது, உள்ளங்கையில் அடங்கும்போல, கண்ணிலும் வாயிலும் கல் பதித்திருக்கிறது. அப்பா அதை அதிகம் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த எட்வர்ட் கிளைவின் குறிப்பைத்தான் இரண்டு முறை வாசித்தார், மெட்ராஸ் கவர்னர் என்று வருடம் போட்டிருந்த வரியை விரலால் காற்றில் தொட்டுக் காட்டினார். அறையில் இருந்த பெரியவர் ஏதாவது தெரியணுமா என்று கேட்டார். அப்பா அவருடைய ஆங்கிலத்தில், மெதுவாக, எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு புளியமரம் இருந்தது என்று ஆரம்பித்தார். அந்த மனிதர் தன் நாற்காலியை இழுத்து அப்பாவுக்குப் போட்டுவிட்டு, நின்றபடியே முழுக்கக் கேட்டார். பெயரை எழுதித் தரச் சொன்னார். அப்பா தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுத்தார்.

பழைய பஞ்சாங்கம் ஐயா, உங்களால்தான்.

பழைய பஞ்சாங்கம்:

அந்தப் புளியமரத்தை என் தாத்தாவும் காட்டியிருக்கிறார். அப்பாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள்.

சின்னத்தாயி:

அந்தத் தடிமன் தோல் அவரையைப் பொரியலாகவா செய்தார்கள்? உள்ளே இருக்கும் கொட்டைக்கு மேலேயும் ஒரு தோல் இருக்குமே, அதையும் எடுத்தீர்களா?

கரிசல்காரி:

முதல் தடவை எடுக்கவில்லை, சவச்சவ என்று இருந்தது. ஆன்ட்டிதான் சொன்னார், கொதிநீரில் 2 நிமிடம் போட்டு எடுத்து நசுக்கினால் தோல் தனியாக வழுக்கிக்கொண்டு வந்துவிடும் என்று. அப்புறம் தேங்காய் போட்டுப் பிரட்டியதும் தட்டு காலி.